தனமும் சிவப்பு ஆமைப் பலகாரமும்

கிழவி தனத்தைப் பார்த்துத்தான் பேசினாள். பக்கத்தில் நின்ற என்னை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

மலாயாவில், கிள்ளான் ஊர்ச் சந்தையான பாசாருக்குப் பின்னால், ஆற்றுப் பக்கம் இறங்கும் சந்தில் அந்தச் சீனக் கிழவியின் கடை. கடை என்றால் இரண்டு மரப்பெட்டி, அவற்றின் மேல் ஒரு பலகை, ஒரு மண்ணடுப்பு, தலைக்கு மேல் ஒரு கிழிந்த கித்தான். அவ்வளவுதான். ஆவி பறக்கும் மூங்கில் தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தனத்தின் முகத்தைப் பார்த்து ஹொக்கியன் என்ற சீன பாஷையில் படபடவென்று ஏதோ கேட்டாள்.

தனம் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். பச்சைப் பாவாடை, மஞ்சள் தாவணி, நெற்றியில் சாந்துப் பொட்டு, சடையில் மல்லிகை. இத்தனைக்கும் நடுவே இருந்த முகம் மட்டும் அச்சு அசல் சீன முகம்.

"என்னடி கேக்கறா?" என்றாள் என் காதுக்குள்.

"எந்த வீட்டுப் பொண்ணுன்னு கேக்கறா."

"முத்தம்மா வீட்டுப் பொண்ணுன்னு சொல்லு."

எனக்குத் தெரிந்த ஹொக்கியனில் சொன்னேன். கிழவி கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்துவிட்டாள். நான் நல்ல கறுப்பு. கறுப்பாக இருக்கிறவள் ஹொக்கியன் பேசுகிறாள், சீன முகத்தோடு இருக்கிறவள் தமிழில் கிசுகிசுக்கிறாள். கிழவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எதுக்குடி இப்படிச் சிரிக்கறா?"

"நம்ம ரெண்டு பேருக்கும் சாமி நாக்கை மாத்தி வச்சுட்டாராம்."

தனத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் முழுவதும் அந்த மூங்கில் தட்டின் மேல் இருந்தது. அதில் வாழையிலைத் துண்டுகளின் மேல், ஆமை முதுகு போல் கோடு போட்டு, செக்கச் செவேலென்று பலகாரங்கள் உட்கார்ந்திருந்தன.

கொடுத்த பிள்ளை

இந்தத் தொடரைப் படிக்கும் இளையவர்களுக்குச் சிலவற்றை விளக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டியிருக்கிறது. போன வாரம் எங்கள் மளிகைக் கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அம்மா, நீங்க கதையைப் பாதியில விட்டுட்டு வேற எங்கேயோ போயிடறீங்க" என்று என் மகளே குறைப்பட்டுக்கொண்டாள். போவேன். எனக்கு வயதாகிவிட்டது, நினைவு அது போகிற வழியில்தான் போகும்.

ஜப்பான்காரன் வருவதற்கு வெகு காலம் முன்பு நடந்தது இது. அந்த நாளில் சீனக் குடும்பங்கள் சில, பெண் குழந்தை பிறந்தால் தமிழ் வீடுகளுக்குக் கொடுத்துவிடும். வறுமை ஒரு காரணம். பிறந்த வருஷம் குடும்பத்துக்கு ஆகாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஏற்கெனவே வீட்டில் பெண்கள் நிறைய இருப்பார்கள். தமிழர் வீட்டில் கொடுத்தால் பெண் பிள்ளையைக் கண்ணும் கருத்துமாக வளர்ப்பார்கள் என்று ஒரு பேச்சும் இருந்தது.

முத்தம்மா அத்தை அப்படி வாங்கி வளர்த்த பெண்தான் தனம். அத்தை என்றால் எனக்குச் சொந்த அத்தை இல்லை. எங்கள் கடையில் சாமான் வாங்குகிறவள், அம்மாவின் சிநேகிதி. அவள் கணவர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்தார். ரயில் குவார்ட்டர்ஸில் வீடு. பல வருஷம் பிள்ளை இல்லை. கீரை கொண்டுவரும் சீனக்காரர் மூலமாக ஒரு நாள் காலையில் இந்தக் குழந்தை வந்து சேர்ந்தது.

இதை யாரும் மறைக்கவில்லை. ஊருக்குத் தெரியும், தனத்துக்கும் தெரியும். அத்தை அவளைத் திட்டும்போது நல்ல தஞ்சாவூர்த் தமிழில் திட்டுவாள், கொஞ்சும்போதும் அதே தமிழ்தான். தனத்துக்கு வேறு பாஷை எதுவும் வராது. பாசார் மலாய்கூடத் தட்டுத் தடுமாறித்தான்.

அத்தை ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள். சீனர் கடையில் எதையும் வாங்கித் தின்னக் கூடாது.

யாரோ ஒரு புண்ணியவதி அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கொடுத்த பிள்ளை தன் ஜனங்களின் பலகாரத்தை ருசி பார்த்துவிட்டால், கால் தானாக அந்த வீட்டைத் தேடிப் போய்விடுமாம். அத்தை அதை அப்படியே நம்பினாள். தயவு செய்து சிரிக்காதீர்கள். நம் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் வந்தவர்களுக்குத்தான் அது எப்படிப்பட்டது என்று தெரியும்.

என் வாயும் வயிறும்

எனக்கு எந்தக் கட்டளையும் இல்லை, இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். எங்கள் கடைக்கு இடது பக்கம் ஹொக்கியன் அரிசிக் கடை, வலது பக்கம் ஹொக்கியன் சாமி சாமான் கடை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளோடும் உருண்டு புரண்டு வளர்ந்தேன். பாஷை அப்படி ஒட்டிக்கொண்டதுதான். முதலில் கற்றுக்கொண்ட சொல் 'சியாக்', அதாவது சாப்பிடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

தனத்துக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் அது. மாப்பிள்ளை கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில், அவரும் ரயில்வேதான். வெற்றிலை பாக்கு மாற்றிய மறுநாள் தனம் எங்கள் கடைக்கு வந்தாள். புளி வாங்க வந்தவள் புளியை மறந்துவிட்டு நின்றாள்.

"சரசு, நான் ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டியே?"

"சிரிப்பேன். கேளு."

"கல்யாணமாயிட்டா அங்க மாமியார் இருப்பாங்க, இப்படித் தெருவுல நடக்க முடியாது. போறதுக்குள்ள ஒரு தடவை தெரிஞ்சுக்கணும்டி. என்னைப் பெத்தவங்க வீட்டுல என்ன தின்பாங்க, அது என்ன ருசின்னு. ஒரே ஒரு தடவை."

நான் சிரிக்கவில்லை.

"அவங்களைத் தேடணுமா?" என்று கேட்டேன்.

"சீச்சீ. அவங்களை எதுக்குத் தேடணும்? எனக்கு அம்மா இருக்கு. ருசி மட்டும்தான்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அத்தையின் மனம் நோகாமல் அதை முடிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் கவலை.

மஞ்சள் தாவணி

தைரியம் வருவதற்காக முதலில் மலாய்க்காரர் பலகாரத்திலிருந்து ஆரம்பித்தோம். அதற்குத் தடை இல்லை. கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மலாய் அம்மா ஒண்டே ஒண்டே விற்பாள். பச்சை நிறத்தில் சின்ன உருண்டை, மேலே தேங்காய்த் துருவல், உள்ளே உருகிய பனைவெல்லப் பாகு. முழுசாக வாயில் போட்டு உதட்டை மூடிக்கொண்டு கடிக்க வேண்டும். இதைத் தனத்திடம் சொல்ல மறந்துவிட்டேன். அவள் லட்டு கடிப்பது போல் பாதியாகக் கடித்தாள். பாகு பீய்ச்சி அடித்து மஞ்சள் தாவணி முழுக்கக் கறை.

அத்தை அதைத் துவைக்கும்போது கேட்டாள், "கழுத வயசாச்சு, ஒழுங்கா தின்னத் தெரியாதா உங்களுக்கு?" மலாய்ப் பலகாரம் என்றதும் அதோடு விட்டுவிட்டாள்.

அடுத்ததாக முவா சீ. இது சீனர் கடைப் பண்டம். அரிசி மாவைக் களி போல் கிண்டி, கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, வறுத்த கடலைப் பொடியும் சர்க்கரையும் போட்டுப் புரட்டித் தருவார்கள். ரப்பர் பால் உறைந்தது போல் இழுபடும். நாங்கள் ஆளுக்கொரு துண்டை வாயில் போட்ட நேரம் பார்த்து, எதிரே கோயில் குருக்கள் வந்துவிட்டார்.

"என்னம்மா தனம், அம்மா சௌக்கியமா?"

தனத்தின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டிருந்தன. தலையை ஆட்டினாள். அவர் கல்யாணத் தேதியைப் பற்றிக் கேட்டார். அதற்கும் ஆட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தார், நானும் ஆட்டினேன். இந்தக் காலத்துப் பெண்களுக்கு வெட்கம் அதிகமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே போனார்.

வாய் விடுபட்டதும் தனம் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"எங்கேயும் போகலை பாத்தியா? இங்கேயேதான் நிக்குது."

அதன் பிறகுதான் ஆற்றோரச் சந்துக்குப் போகும் துணிச்சல் வந்தது.

கிழவி சொன்னது

கிழவியை எல்லோரும் 'ஆ சிம்' என்றார்கள். சின்னம்மா என்பது போல. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அந்தச் சிவப்புப் பலகாரத்துக்கு ஆங் கூ என்று பெயர். சிவப்பு ஆமை.

பன்றிக் கொழுப்பு போட்டிருக்கிறதா என்று முதலில் கேட்டேன். ஆ சிம் கடலை எண்ணெய்ப் புட்டியை எடுத்து என் மூக்கருகில் நீட்டினாள். மாவை அழுத்தி எடுக்கும் மர அச்சையும் காட்டினாள். எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன அச்சு, உள்ளே ஆமை செதுக்கியிருந்தது.

"ஏன் சிவப்பு? கேளு" என்றாள் தனம்.

கேட்டேன். சாமிக்கு வைப்பது உண்டு, இப்படிச் சும்மா தின்ன விற்பதும் உண்டு, ஆனால் முக்கியமாகக் குழந்தை பிறந்து மாதம் நிறைகிற அன்று செய்வது என்றாள் ஆ சிம். சொந்தக்காரர், பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லோருக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தனுப்புவார்களாம். இந்த வீட்டில் ஒரு பிள்ளை வந்திருக்கிறது, இது எங்கள் பிள்ளை என்று ஊருக்குச் சொல்வதாம் அது.

நான் சொல்லச் சொல்லத் தனம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"பொண்ணு பொறந்தாலும் செய்வாங்களான்னு கேளு."

செய்கிற வீடும் உண்டு, செய்யாத வீடும் உண்டு என்றாள் ஆ சிம்.

தனம் தட்டிலிருந்த இலைத் துண்டுகளையே பார்த்தாள். பிறகு, "மாசம் நெறையறதுக்குள்ள குடுத்துட்டா?" என்றாள். "அந்தப் பிள்ளைக்குச் செய்வாங்களா?"

அதையும் கேட்டேன். ஆ சிம் நிமிர்ந்தாள். தனத்தின் முகத்தையும் பொட்டையும் ஒரு தரம் பார்த்தாள். அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தட்டிலேயே பெரிதாக இருந்த ஒன்றை இலையோடு எடுத்துத் தனத்தின் உள்ளங்கையில் வைத்தாள். தனத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது, நான் எதையும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தனம் கடித்தாள். மெல்லும்போது அவள் புருவம் சுருங்கியது. மறுபடி கடித்தாள். பாதிப் பலகாரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தாள்.

"சரசு, இது அம்மா கொழுக்கட்டைடி!"

நானும் கடித்தேன். சத்தியமாக அதேதான். மேல்மாவு கொஞ்சம் பிசுபிசுப்பு, அது அரிசி வேறு என்பதால். உள்ளே வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு, இனிப்பு. முத்தம்மா அத்தை வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குச் செய்யும் பருப்புப் பூரணம் எப்படியோ ஆமைக்குள் நுழைந்து உட்கார்ந்திருந்தது.

"ஏலக்காய்தான் போடலை" என்றாள் தனம். அதைச் சொல்லும்போதே சிரித்தாள், அப்படியே கண்ணில் தண்ணீர் வழிந்தது. பிறந்த வீட்டு ருசி எப்படியிருக்குமோ என்று பயந்து பயந்து வந்தவளுக்கு, வளர்த்தவளின் கைப்பக்குவம் எதிரே வந்து நின்றது.

அடுத்து அவள் செய்ததுதான் நான் எதிர்பாராதது. இன்னொரு ஆங் கூ வாங்கி இலையில் பொதிந்துகொண்டாள்.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"பைத்தியமா உனக்கு? தெரிஞ்சா கொன்னுடும்."

"இதைத் தின்னு பாத்தா அதுக்குப் பயம் போயிடும் சரசு. நம்ம வீட்டுப் பண்டம்தானேன்னு தெரிஞ்சிடும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நானும் கூடவே போனேன்.

இலைப் பொதி

அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தனம் பொதியை அவிழ்த்து நீட்டினாள். சிவப்பைப் பார்த்ததும் முறம் அப்படியே நின்றது.

அத்தை கத்துவாள் என்று நினைத்தோம். அவள் கத்தவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரு குடுத்தா?"

"கடையில வாங்கினோம்மா..."

"பொய் சொல்லாதே. இது என்னான்னு எனக்குத் தெரியும். பிள்ளை பொறந்த வீட்டுல குடுக்கறது. உன்னைக் கொண்டாந்த கீரைக்காரரு அன்னைக்கே சொன்னாரு, மாசம் நெறையறதுக்குள்ள குடுத்துடறாங்க, பலகாரம் செஞ்சு ஊருக்குக் குடுத்துட்டா அப்பறம் பிள்ளை அவங்களுதுன்னு. இப்ப அவங்க செஞ்சு அனுப்பியிருக்காங்களா? உன்னைப் பாத்துட்டாங்களா? கேக்க வர்றாங்களா?"

முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தனத்தின் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை இப்போதும் என் கண்ணால் பார்க்க முடிகிறது. கல்யாண வயதுப் பெண்ணை, நடக்கப் பழகும் குழந்தையைப் பிடிப்பது போல் பிடித்திருந்தாள்.

நானும் சத்தியம் செய்தேன். கடைக்காரி பெயரைச் சொன்னேன், சந்தைச் சொன்னேன், நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். அத்தை மெல்ல மெல்ல நம்பினாள். நம்பிய பிறகும் கையை விடவில்லை.

"உன் கொழுக்கட்டை மாதிரியே இருந்துச்சும்மா" என்றாள் தனம் அழுதுகொண்டே. "அதான் கொண்டாந்தேன். நீ ஒரு வாய் தின்னு பாரேன்."

அத்தை தின்னவில்லை. எறியவும் மனம் வரவில்லை. குழந்தைக்காகச் செய்கிற பண்டம் அல்லவா? கொண்டுபோய்ச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அது அங்கேயே இருந்து காய்ந்து வெடித்துக் கல்லாகிப் போனது. தனம் அதற்குப் பிறகு ஆற்றோரச் சந்துப் பக்கமே போகவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அத்தை சிரித்த முகமாகவே வளைய வந்தாள். ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பியவள் எங்கள் கடை வாசலில் உட்கார்ந்து, "இனிமே வருவாளா சரசு?" என்று கேட்டாள். எல்லாத் தாயும் கேட்பதுதான், ஆனால் அவள் கேட்டதில் எல்லோருடைய பயமும் போக இன்னொரு பயமும் இருந்தது.

முப்பது கழித்தது

தனம் வந்தாள். தீபாவளிக்கு வந்தாள், பொங்கலுக்கு வந்தாள், தலைவலி என்றால்கூட ரயில் ஏறி வந்தாள். மாமியார் கேலி செய்கிற அளவுக்கு வந்தாள். தலைப்பிரசவத்துக்கும் முறைப்படி தாய் வீட்டுக்கே வந்தாள். பெண் குழந்தை.

குழந்தைக்கு முப்பதாவது நாள் தீட்டுக் கழித்துப் பெயர் வைக்க அழைத்திருந்தார்கள். அதற்குள் எனக்கும் கல்யாணமாகி நான் கோலாலம்பூரில் இருந்தேன். காலை ரயிலில் கிள்ளான் வந்து இறங்கி, நேரே குவார்ட்டர்ஸுக்கு நடந்தேன். வாசலில் மாவிலைத் தோரணம். தோரணத்துக்குக் கீழே, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, அத்தை வீட்டு டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள் ஆ சிம்.

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். பாயின் மேல் இரண்டு பெரிய தாம்பாளம். இரண்டிலும் வாழையிலை விரித்து, சிவப்புச் சிவப்பாக ஆங் கூ.

ஆ சிம் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்கு வெடித்துவிடும் போலிருந்தது. "இந்த வீட்டு அம்மாள் என் கடைக்கு வந்தாள்" என்றாள். "எங்களுக்குள் பாஷை இல்லை. சிவப்பைத் தொட்டுக் காட்டினாள். கையைத் தொட்டிலாக்கி ஆட்டிக் காட்டினாள். மாதம் நிறைகிற குழந்தைக்கு என்று எனக்குப் புரிந்தது, ஒரு தாம்பாளம் போதும் என்று ஒரு விரலைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டி இரண்டு விரலைக் காட்டினாள். இரட்டைக் குழந்தையா என்று கேட்டேன், அது அவளுக்குப் புரியவில்லை. பிறகு மறுபடியும் கையைத் தொட்டிலாக்கினாள். அப்புறம் எழுந்து நின்று, தன் தலைக்குச் சமமாகக் கையை உயர்த்தி, இந்த உயரத்துக்கு ஒன்று என்று காட்டினாள்."

"அப்பத்தான் எனக்கு அந்த மஞ்சள் தாவணிப் பெண் ஞாபகம் வந்தது" என்று சொல்லிவிட்டு ஆ சிம் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டாள்.

அடுப்படியில் அத்தையைப் பிடித்தேன். "அத்தை, என்ன இது?"

அவள் நிமிராமல் பேசினாள். "இவளுக்கு வலி வந்த அன்னைக்கு ராத்திரி முச்சூடும் யாரைக் கூப்பிட்டா தெரியுமா? அம்மா அம்மான்னு என்னைத்தான் கூப்பிட்டா. அதுக்கு மேல நான் எதுக்குப் பயப்படணும் சொல்லு? அன்னைக்கு ஆசையா கொண்டாந்தா, நான் ஒரு வாய் திங்கலை. அது இத்தனை வருஷமா நெஞ்சுல கெடந்துச்சு."

பெயர் வைத்து முடிந்ததும் அத்தை வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் பலகாரம் கொடுத்தாள். பொன்னம்மா அக்கா என்று ஒருத்தி, "பொம்பளைப் பிள்ளைக்கா இவ்வளவு? அதுவும் ரெண்டு தட்டு?" என்றாள்.

"இது என் பேத்திக்கு" என்றாள் அத்தை. அடுத்த தாம்பாளத்தைத் தொட்டாள். "இது என் பொண்ணுக்கு. மாசம் நெறைஞ்சு ரொம்ப வருஷமாச்சு. இப்பதான் ஊருக்குச் சொல்ல முடிஞ்சுது."

மூலையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த தனத்துக்கு அழக்கூடத் தோன்றவில்லை. குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். தன் தாம்பாளத்திலிருந்து ஒரு ஆமையை எடுத்தாள், பாதியாகப் பிட்டாள், அத்தையின் வாயருகே நீட்டினாள்.

இந்த முறை அத்தை வாயைத் திறந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நிதானமாக மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. விழுங்கிய பிறகு தனத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏலக்காய் போடலை."